ஆணையிடுபவரும் ஆணை பெறுபவரும்

இந்தியப் பொது நிறுவனங்களின் கதை: அத்தியாயம் 23

சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு 1946இல் தந்த அறிக்கையோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த அந்தக் குழு, மருத்துவக் கல்வியின் தரத்தை நாடு முழுவதற்கும் காட்டும்படியான ஓர் உயர்நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு நாடு விடுதலை பெற்றது. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அரசு பத்து லட்சம் பவுண்டு தந்தது. 1952இல் புதுதில்லியில் அடிக்கல் நட்டார்கள். 1956இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தை, நாம் இன்று எய்ம்ஸ் என்று அழைப்பதை, சட்டப்படி ஓர் ஆளாக்கியது. கட்டடம் எழுந்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்த அத்தியாயம் சட்டத்தைப் பற்றியது. எய்ம்ஸ் தன்னாட்சி பெற்ற நிறுவனம் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்தோம். 2006 முதல் 2008 வரை சுகாதார அமைச்சருக்கும் இயக்குநருக்கும் இடையே மூண்ட மோதல் அந்தப் பேச்சை உரசிப் பார்த்தது. இரண்டு பிடிவாதக்காரர்களின் சண்டை என்றே அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்தை வரிவரியாகப் படித்தால், அந்தச் சண்டைக்கான களம் 1956லேயே தயாராகிவிட்டது தெரியும். அரசுக்கு எய்ம்ஸ் மீது அதிகாரம் இருப்பதில் குற்றம் காண முடியாது. ஆணையிடும் அரசும் அந்த ஆணையைப் பெறும் பேரவையின் தலைமையும் ஒரே கையில் சேர்ந்துபோனதுதான் கோளாறு. இதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் சட்டம் என்ன தந்தது என்பதைப் பார்க்கலாம், ஏனெனில் தந்தது குறைவல்ல. 13ஆம் பிரிவு நிறுவனத்தின் நோக்கங்கள் மூன்று என்கிறது: மருத்துவக் கல்வியில் உயர்ந்த தரத்தை மற்ற கல்லூரிகளுக்குக் காட்டும் பயிற்றுமுறைகளை வளர்ப்பது, சுகாதாரத் துறையின் முக்கியக் கிளைகள் அனைத்துக்குமான பயிற்சியை ஒரே இடத்தில் திரட்டுவது, முதுநிலை மருத்துவக் கல்வியில் நாட்டைத் தன்னிறைவு அடையச் செய்வது. மூன்றிலும் நோயாளி என்ற சொல் இல்லை. மருத்துவமனை வருவது அடுத்த பிரிவில்தான். நிறுவனம் செய்யக்கூடியவற்றைப் பட்டியலிடும் 14ஆம் பிரிவு, மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, செவிலியர் கல்லூரி, ஊரக நகர்ப்புறச் சுகாதார அமைப்புகள் ஆகியவற்றோடு நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளையும் நடத்தலாம் என்கிறது. அதாவது சட்டத்தின் பார்வையில் எய்ம்ஸ் முதலில் ஒரு பல்கலைக்கழகம். மருத்துவமனை அதன் பயிற்சிக்கூடம். விடியுமுன்பே வெளிநோயாளிச் சீட்டுக்காக வரிசையில் நிற்கும் பீகார்க்காரருக்கும் உத்தரப் பிரதேசத்துக்காரருக்கும் இந்த வேறுபாடு தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. ஆனால் ஆட்சிமுறையை ஆராய்கிறவருக்கு இது முக்கியம். அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளருக்குத் துறைச் செயலர் உத்தரவு போடலாம், அது இயல்பான படிநிலை. பல்கலைக்கழகத்துக்கு அப்படி உத்தரவு போடுவதில்லை. எய்ம்ஸ் இரண்டுமாக இருப்பதால், எந்த மரபுப்படி அதை ஆள்வது என்ற கேள்வி பிறவியிலேயே கூட வந்தது.

பல்கலைக்கழகம் என்ற பக்கத்தைச் சட்டம் வலுவாகவே கட்டியது. நிறுவனம் தானே பாடத்திட்டம் வகுக்கலாம், தானே பட்டம் தரலாம். இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் அந்தப் பட்டங்கள் அங்கீகாரம் பெற்றவையாகக் கொள்ளப்படும். எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைய வேண்டாம், கவுன்சிலின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டாம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற அறிவிப்பும் சட்டத்திலேயே இருந்தது. மருத்துவர்கள் முழுநேர ஊதியத்தில் பணிபுரிவார்கள், தனியார் தொழில் கிடையாது என்ற ஏற்பாடு, வருமானத்துக்காக மாலையில் கிளினிக் நடத்தும் அன்றைய மருத்துவக் கல்லூரி வழக்கத்தை வாசலிலேயே நிறுத்தியது. 1956 பிப்ரவரியில் மசோதாவை அறிமுகம் செய்த சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர், பணம் அரசின் கருவூலத்திலிருந்து வருவதால் இறுதிப் பொறுப்பு அரசுடையதுதான், ஆனாலும் நோக்கங்களை எட்டும் அளவுக்கு நிறுவனத்துக்குக் கணிசமான தன்னாட்சி இருக்கும் என்று அவையில் விளக்கினார். இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடும் என்பதைச் சட்டத்தின் வாசகம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வாசகம் அந்தக் கோட்டை வரையவில்லை. 4ஆம் பிரிவின்படி நிறுவனப் பேரவைக்கு 17 உறுப்பினர்கள்: தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநர், எய்ம்ஸ் இயக்குநர் ஆகிய மூவர் பதவி வழியாக; நிதி, கல்வி அமைச்சகங்களின் பிரதிநிதிகள் இருவர்; மத்திய அரசு நியமிக்கும் ஐவர், அவர்களில் ஒருவர் இந்திய அறிவியல் காங்கிரஸைச் சேர்ந்த, மருத்துவர் அல்லாத விஞ்ஞானி; பல்கலைக்கழக மருத்துவப் புலங்களிலிருந்து நால்வர்; நாடாளுமன்ற உறுப்பினர் மூவர். பேரவையின் தலைவரை, இயக்குநர் நீங்கலான உறுப்பினர்களிலிருந்து மத்திய அரசு நியமிக்கும் என்கிறது 7ஆம் பிரிவு. சுகாதார அமைச்சர் என்ற சொல் இந்த இரண்டு பிரிவுகளிலும் இல்லை. அமைச்சர் உள்ளே வருவது, அரசு தன் விருப்பப்படி நியமிக்கும் அந்த ஐவரில் ஒருவராகத்தான். வந்தபின் தலைவராகவும் நியமிக்கப்படுகிறார். தலைவரே 10ஆம் பிரிவின்படி ஆட்சிக்குழுவுக்கும் தலைவர். இப்போது 25ஆம் பிரிவுக்கு வருவோம்: இந்தச் சட்டத்தைத் திறம்பட நிர்வகிக்க மத்திய அரசு அவ்வப்போது இடும் ஆணைகளை நிறுவனம் நிறைவேற்ற வேண்டும். 26ஆம் பிரிவு: நிறுவனத்துக்கும் மத்திய அரசுக்கும் தகராறு எழுந்தால் மத்திய அரசின் முடிவே இறுதியானது. விதிகளை வகுப்பது அரசு, நிறுவனத்தைக் கலந்தாலோசித்த பின். ஒழுங்குமுறைகளை வகுப்பது நிறுவனம், அரசின் முன் ஒப்புதலோடு. நடைமுறையில் மத்திய அரசு என்பது சுகாதார அமைச்சகம். ஆக, ஆணையை அனுப்புபவர், அதைப் பெற்றுக்கொள்ளும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவர் ஆகிய மூவரும் ஒரே அமைச்சராகிவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. கட்டாயப்படுத்தவில்லை, இடம் கொடுக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றுக்குள் போகலாம்.

முதல் எட்டு ஆண்டுகள் இந்த ஓட்டை யாருடைய கண்ணிலும் படவில்லை. அம்ரித் கௌர் 1957இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார், டி. பி. கர்மார்க்கர் அந்தத் துறைக்கு வந்தார். ஆனால் எய்ம்ஸின் தலைவர் பதவி அமைச்சரோடு நகரவில்லை. 1964 பிப்ரவரியில் மறையும்வரை அம்ரித் கௌரே தலைவராக இருந்தார், மாநிலங்களவை உறுப்பினராக, அமைச்சரவைக்கு வெளியே. நிறுவனம் வேர்பிடித்த காலம் அது. முதல் இயக்குநர் பி. பி. தீட்சித்தின் கீழ் துறைகள் ஒவ்வொன்றாக உருவாயின, முதல் மாணவர் அணிகள் தேறி வெளியே வந்தன. அப்போது அமைச்சகத்தில் ஓர் ஆள், பேரவையின் தலைமையில் வேறோர் ஆள். அமைச்சகம் ஏதாவது ஆணையிட்டால் அதைப் பேரவையில் வைத்து விவாதிக்க, சரியில்லை என்று திருப்பி எழுத, பிரதமரிடம் போய்ச் சொல்லச் செல்வாக்குள்ள ஒருவர் அங்கே இருந்தார். இதைத் தற்செயலான தனிமனிதப் பெருமையாகச் சுருக்கிவிடலாம். காந்தியின் செயலாளராக இருந்தவர், நேருவின் முதல் அமைச்சரவையைச் சேர்ந்தவர், அவரை யார் கேட்பார்கள் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் வாதத்துக்கு வேண்டிய சான்று அதற்குள்ளேயே இருக்கிறது: அதே 7ஆம் பிரிவின் கீழ், ஒரு வார்த்தைகூடத் திருத்தாமல், அமைச்சர் அல்லாத ஒருவர் தலைவராக இருக்க முடிந்தது, நிறுவனமும் நன்றாக நடந்தது. அவருக்குப் பின் அமைச்சர்களே தலைவராவது வழக்கமாகி, பின்பு அதுவே சட்டம் போலத் தோன்றத் தொடங்கியது.

அந்த வழக்கத்தின் விலை முதன்முதலில் 1980இல் தெரிந்தது. இயக்குநராகப் பத்தாண்டு இருந்த வி. ராமலிங்கசுவாமி 1979இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குப் போனபின், கண் மருத்துவர் எல். பி. அகர்வால் இயக்குநரானார். ஐந்தாண்டு அல்லது 62 வயது என்பது அவருடைய நியமன வரையறை. அடுத்த ஆண்டே பொதுநலன் கருதி என்ற பெயரில் அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். 1992இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குறித்த கால அளவுக்கு ஒருவரை ஒரு பதவியில் அமர்த்தினால், அந்தக் காலம் முடியும்போதுதான் அது முடியும். வயது முதிர்ந்து ஓய்வுபெறும் சாதாரண அரசுப் பணிக்குரிய கட்டாய ஓய்வு விதியை அங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது என்பது அதன் சாரம். சட்டக் கொள்கை என்ற அளவில் தெளிவான தீர்ப்பு. நிறுவனத்துக்கு அதனால் கிடைத்தது என்ன? பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நீதி, அதற்குள் பல இயக்குநர்களைப் பார்த்துவிட்ட நிறுவனத்தை முன்னிருந்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. இயக்குநர் பதவிக்கு உறுதியான காலம் உண்டு என்ற ஒரு கொள்கை மட்டும் எதிர்கால வழக்குகளுக்காக எழுத்தில் நின்றது. பேரவையை யார் நடத்துகிறார், ஏன் நடத்துகிறார் என்ற கேள்வியை நீதிமன்றத்திடம் யாரும் கேட்கவும் இல்லை, அது தொடவும் இல்லை.

அடுத்த முறை விளைவு நாடறிந்ததாயிற்று. 1994 ஆகஸ்டில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்த பி. வேணுகோபால் 2003 ஜூலையில் ஐந்தாண்டுக்கு இயக்குநரானார். 2004இல் அமைந்த ஆட்சியில் சுகாதார அமைச்சரான அன்புமணி ராமதாஸ், வழக்கப்படி எய்ம்ஸின் தலைவரும் ஆனார். அமைச்சர் அன்றாட நிர்வாகத்தில் கைவைக்கிறார் என்பது ஒரு தரப்பின் குறை. இயக்குநர் பேரவைக்குக் கட்டுப்படுவதில்லை, வெளியே பேட்டி கொடுத்து அரசைச் சாடுகிறார் என்பது மறுதரப்பின் குறை. 2006இல் மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டபோது, அதை எதிர்த்த போராட்டத்தின் மையம் எய்ம்ஸ் வளாகமாயிற்று, பகை முற்றியது. அந்த ஜூலையில் அமைச்சர் தலைமையில் கூடிய பேரவை இயக்குநரை நீக்கியது. சில நாட்களிலேயே தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பேரவையின் வழியில் முடியாதது நாடாளுமன்றத்தின் வழியில் வந்தது. 2007 நவம்பர் 30 அன்று ஒரு திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இயக்குநரின் பதவிக்காலம் ஐந்தாண்டு அல்லது 65 வயது, எது முந்தியதோ அதுவரை என்று 11ஆம் பிரிவில் புதிதாக ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். அதற்குக் கீழே ஒரு காப்புரை: இந்தத் திருத்தத்துக்கு முரணாக இப்போது பதவியில் இருப்பவர் உடனே பதவி இழப்பார், மூன்று மாத ஊதியத்துக்கு மிகாத இழப்பீடு பெறலாம். வேணுகோபாலுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் 65 நிறைந்திருந்தது. பதவிக்காலத்தில் மிச்சம் ஏழு மாதம். சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே அவர் வெளியேற்றப்பட்டார்.

2008 மே 8 அன்று நீதிபதிகள் தருண் சாட்டர்ஜி, ஹர்ஜித் சிங் பேடி அமர்வு அந்தக் காப்புரையைச் செல்லாது என்றது. இந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் அதன்மேல் பலரும் தங்கள் விருப்பத்தை ஏற்றிப் பேசுகிறார்கள். 65 வயது வரம்பு தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த உட்பிரிவு இன்றும் இருக்கிறது. அமைச்சர் தலைவராக இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எய்ம்ஸின் தன்னாட்சி மீறப்பட்டது என்ற அடிப்படையிலும் வழக்கு முடியவில்லை. ஒரே ஒருவரைக் குறிவைத்து எழுதிய ஒரு வரி, இனி வரப்போகும் இயக்குநர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பை அவருக்கு மட்டும் மறுக்கிறது, ஆகவே சமத்துவம் கூறும் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு மாறானது என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. அகர்வால் வழக்கின் கொள்கையும் அங்கே கைகொடுத்தது. வேணுகோபால் திரும்பி வந்தார். எட்டு வாரம் பணியாற்றி ஜூலையில் பதவிக்காலம் முடித்தார். ஒரு மனிதருக்கு நீதி கிடைத்தது. 4, 7, 10, 25, 26 ஆகிய பிரிவுகள் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. தலைவர் நாற்காலியில் அமைச்சர் அமரும் வழக்கமும் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அது எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல. தன்னாட்சி என்று இங்கே பேசப்படுவது யாருடைய தன்னாட்சி? இடஒதுக்கீட்டை எதிர்த்து வளாகத்தையே மேடையாக்கியவர்களின் தன்னாட்சியா? சுகதேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு 2007இல் தந்த அறிக்கை, எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் தேர்விலும் பாகுபாட்டுக்கு உள்ளாவதை வெளிக்கொண்டு வந்தது. அதற்கும் முன், 2001இல், முதுநிலை இடங்களில் மூன்றில் ஒரு பங்கைத் தன் சொந்த எம்.பி.பி.எஸ். பட்டதாரிகளுக்கே ஒதுக்கிவைத்திருந்த எய்ம்ஸின் ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கேள்வி கேட்பாரற்ற தன்னாட்சி வீட்டுப்பிள்ளைகளுக்குப் பந்தி விரிக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அப்படியானால் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைச்சர் தலைமை நாற்காலியில் இருப்பதுதானே சமூக நீதிக்குக் காவல்? கேள்வியின் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். பேராசிரியர்களின் கூட்டம் தானாகவே நீதியாக நடந்துகொள்ளும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. இரண்டாம் பாதியைத்தான் சான்றுகள் ஏற்கவில்லை. இடஒதுக்கீடு எய்ம்ஸுக்குள் எப்படி வந்தது என்று பாருங்கள். தலைவர் நாற்காலியிலிருந்து வந்த உத்தரவால் அல்ல. எல்லா மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் பொதுவாக நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால். 2008 ஏப்ரல் 10 அன்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை, வசதி படைத்தோரை விலக்கி, செல்லும் என்றது. அதே உச்ச நீதிமன்றம் நான்கு வாரத்துக்குள் வேணுகோபாலைக் குறிவைத்த காப்புரையைத் தள்ளியது. பொதுவாக எழுதப்பட்ட சமூக நீதிச் சட்டம் நின்றது. ஒரு தலைக்காக எழுதப்பட்ட வரி விழுந்தது. உள்ஒதுக்கீட்டை ஒழித்ததும் நீதிமன்றமே, பாகுபாட்டை வெளிப்படுத்தியதும் வெளியிலிருந்து வந்த ஒரு விசாரணைக் குழுவே. அமைச்சர் அந்தக் குழுவை அமைக்கப் பேரவையின் தலைவராக இருக்கத் தேவையில்லை. அமைச்சராக இருந்தால் போதும். சொல்லப்போனால், அவர் தலைவராகவும் இருந்ததால்தான் நியாயமான ஒரு விசாரணைகூடப் பழிவாங்கல் என்ற பேச்சுக்கு ஆளாயிற்று.

இரண்டாவது ஆட்சேபம் பணம். ஆண்டுதோறும் பெருந்தொகை மானியம் பெறும் நிறுவனம் அது. கொடுப்பவர் மேற்பார்வை செய்ய வேண்டாமா என்பார்கள். வேண்டும். அதற்கான கருவிகள் சட்டத்திலேயே போதிய அளவு உள்ளன. மானியம் நாடாளுமன்ற ஒப்புதலோடு வருகிறது, கணக்கைத் தலைமைத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார், அறிக்கைகள் அவைகளின் முன் வைக்கப்படுகின்றன, நிதி அமைச்சகத்தின் பிரதிநிதி பேரவைக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார், மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே 25ஆம் பிரிவின் ஆணை அதிகாரம். இதில் எதுவும் அமைச்சர் தலைமை நாற்காலியில் அமர்வதைச் சார்ந்திருக்கவில்லை. மாறாக, அவர் அமர்வதுதான் பொறுப்புக்கூறலைக் கலங்கடிக்கிறது. ஒரு கொள்முதல் முடிவு தவறாகப் போனால் அமைச்சர் அவையில் எப்படிப் பதில் சொல்வார்? அது தன்னாட்சி நிறுவனத்தின் முடிவு என்பாரா, தன் தலைமையில் எடுத்த முடிவு என்பாரா? எது வசதியோ அதைச் சொல்லலாம். 25ஆம் பிரிவின்படி எழுத்தில் ஆணையிட்டால் அது பதிவாகும், வழக்குமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகும். கூட்டத்தின் தலைவராக இருந்து தலையசைத்தால் அது பேரவையின் ஏகமனதான தீர்மானமாகிவிடும். எழுத்தில் ஆணையிடும் சிரமத்திலிருந்து அமைச்சரை விடுவிப்பதே அந்த நாற்காலியின் உண்மையான பயன்.

மூன்றாவதாக, நடைமுறை அறிந்தவர்கள் சொல்வது: அரசு நியமிக்கும் எந்தத் தலைவரும் அரசின் ஆள்தான், அமைச்சர் வெளிப்படையாக உட்காருவதே மேல், பொம்மையை உட்கார வைப்பதைவிட. இதற்குப் பதில் புதுச்சேரியில் இருக்கிறது. ஜிப்மருக்குத் தனிச்சட்டம் 2008இல், எய்ம்ஸ் வழக்கு முடிந்த அதே கோடையில், ஜூலை 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பு எய்ம்ஸ் சட்டத்தின் அச்சில் வார்த்ததே: தலைவரை மத்திய அரசு நியமிக்கும், அரசு ஆணையிடலாம். ஆனால் அங்கே தலைவர் நாற்காலி அமைச்சரின் நிரந்தர உடைமையாகவில்லை. உயிரித்தொழில்நுட்பத் துறையின் செயலராக இருந்தவரும் ரோட்டாவைரஸ் தடுப்பூசி ஆய்வுக்குப் பேர்பெற்றவருமான எம். கே. பான் அங்கே தலைவராக இருந்திருக்கிறார். அரசு நியமித்தவர்தான். ஆனால் துறையில் தனக்கென்று ஒரு பெயர் உள்ளவர் தலைவராக இருக்கும்போது, ஆணையிடுபவருக்கும் பெறுபவருக்கும் இடையே ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையில் பேச்சு நடக்கும், கோப்பு எழுதப்படும், மறுப்பு பதிவாகும். 1961ஆம் ஆண்டின் ஐ.ஐ.டி. சட்டம் இதையே சட்ட வாசகமாக்கியது. எல்லா ஐ.ஐ.டி.களுக்குமான பொதுக் கவுன்சிலுக்கு அமைச்சர் தலைவர், ஒவ்வொரு ஐ.ஐ.டி.யின் ஆட்சிக்குழுவுக்கும் குடியரசுத் தலைவர் நியமிக்கும் வேறொருவர் தலைவர். அங்கும் நியமனம் அரசின் ஆலோசனைப்படியே. ஆனாலும் அரசு தேர்ந்தெடுக்கிறது, தானே வந்து உட்காரவில்லை. எய்ம்ஸ் சட்டத்துக்கு ஐந்தே ஆண்டு பின்னால் வந்த சட்டம் அது. இந்தப் பிரிப்பு நாட்டுக்குப் புதியதும் அல்ல, அரசுக்கு ஒவ்வாததும் அல்ல.

இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். 1956இல் வலுவாகக் கட்டப்பட்ட பல்கலைக்கழகப் பக்கத்தையும் காலம் அரித்திருக்கிறது. 2019இல் இயற்றப்பட்ட தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், தனிச்சட்டங்களால் ஆளப்படும் நிறுவனங்களையும் பொது நுழைவுத் தேர்வுக்குள் கொண்டுவந்தது. எய்ம்ஸ் தானே நடத்திவந்த எம்.பி.பி.எஸ். நுழைவுத் தேர்வு 2020 முதல் இல்லை. நீட் தேர்வே வழி. முதுநிலையில் மட்டும் எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்கெனத் தனித் தேர்வு தொடர்கிறது. தன் மாணவரைத் தானே தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் அடையாளங்களில் ஒன்று. அது போனபோது எய்ம்ஸில் பெரிய கிளர்ச்சி எதுவும் எழவில்லை, நாடாளுமன்றம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வகுத்தது என்பதால் நீதிமன்றத்தில் விழவும் இல்லை. அந்த விதி நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம், தமிழ்நாட்டில் அது இன்னும் ஓயாத வாதம். இங்கே நமக்கு வேண்டியது இவ்வளவே: எய்ம்ஸிடமிருந்து எதையும் எடுக்கவும் எதையும் அதன்மேல் சுமத்தவும் நாடாளுமன்றத்துக்கு வழி இருக்கிறது, அந்த வழி வெளிப்படையானது. அப்படி வழி இருக்கும்போது உள்ளே ஒரு நாற்காலியும் எதற்கு?

இந்தக் கேள்வி தில்லியோடு நின்றுவிடக்கூடியது அல்ல. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் போபால், புவனேஸ்வர், ஜோத்பூர், பாட்னா, ராய்ப்பூர், ரிஷிகேஷ் ஆகிய ஆறு ஊர்களில் புதிய எய்ம்ஸ்களை அதே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. பிறகு வந்தவையும் அப்படியே. மதுரை தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நட்டு, கட்டடம் எழுமுன்பே 2022இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் 50 மாணவர்களோடு வகுப்பைத் தொடங்கிய எய்ம்ஸுக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டமே தாய். கட்டடம் ஏன் தாமதம் என்று நாம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். ஆனால் கட்டடம் எழுந்தபின் அங்கே எந்தத் துறை முதலில் வரும், கட்டணம் எவ்வளவு, இயக்குநரை யார் கேள்வி கேட்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்யப்போவது தில்லியின் 17 பேர் பேரவையை ஒத்த ஒரு பேரவையும், அதன் தலைவரும், 25ஆம் பிரிவும்தான். புதிய எய்ம்ஸ்கள் பலவற்றில் மருத்துவர்களையும் விஞ்ஞானிகளையும் தலைவராக நியமித்துவருகிறார்கள் என்பது நல்ல அறிகுறி. ஆனால் அதுவும் வழக்கம்தான். 1957இல் இருந்த நல்ல வழக்கம் எத்தனை எளிதாகக் கலைந்தது என்பதைப் பார்த்தோம். 7ஆம் பிரிவில், மத்திய அமைச்சராக இருப்பவர் தலைவராக நியமிக்கப்படக் கூடாது என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஆணை அதிகாரம் அரசிடமே இருக்கும், பணமும் தணிக்கையும் அரசிடமே இருக்கும், இறுதி முடிவும் அரசிடமே இருக்கும். அவற்றைப் பயன்படுத்தும்போது எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. ஒரு பொது நிறுவனத்தின் தன்னாட்சி பெரும்பாலும் இந்தச் சிறிய சிரமத்தில்தான் உயிர்வாழ்கிறது.

அடுத்த அத்தியாயம் சண்டிகருக்குப் போகும். 1966இல் இதே சட்டத்தைப் படியெடுத்துத் தனிச்சட்டம் பெற்ற முதுநிலை மருத்துவக் கல்வி, ஆய்வு நிறுவனம், மாநிலத்திடமிருந்து மத்திய அரசுக்குக் கைமாறிய ஒரு நிறுவனத்தின் கதை.

(தொடரும்)